லண்டன் – சிட்னி: ஒரு வான்வழியின் இறங்குமிடங்கள்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சிட்னி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையம் ஏறத்தாழ 17,020 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் மேல் எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அவற்றுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் 20,000 கிலோமீட்டரைப் பெரிதாகத் தாண்டாது. அந்த உச்சத்தில் ஆறில் ஐந்து பங்குக்கும் கொஞ்சம் அதிகம் இது. இந்தத் தூரம் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்ததல்ல. உலக உருண்டையின் மேல் லண்டனிலும் சிட்னியிலும் விரல் வைத்து ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் போகுமோ, அந்தப் பெருவட்டப் பாதையின் நீளம். ஆஸ்திரேலியா தெற்கே இருந்தாலும் லண்டனில் கிளம்பும் இந்தக் கோடு முதலில் வடகிழக்காக ஏறுகிறது. டென்மார்க்கையும் பால்டிக் கடலையும் கடந்து, மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே உச்சத்தைத் தொட்டு, கஜகஸ்தான், மேற்குச் சீனா, தென்சீனக் கடல் என்று இறங்கி, சுலவேசிக்கு அருகே நிலநடுக்கோட்டைத் தாண்டி ஆஸ்திரேலியாவின் வடகரையை அடைகிறது.

இன்றைய பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கணக்குப்படி 19 மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வழியில் ஒருமுறையாவது இறங்கி ஏறி, 23 மணி நேரம் அளவில் செலவழித்துத்தான் பயணிகள் போகிறார்கள். 1919ல் இந்தத் தூரத்தை முதன்முதலாகப் பறந்து கடந்தபோது காற்றில் கழிந்த நேரத்தைப் போல் நான்கு மடங்கு தரையில் கழிந்தது. அன்றிலிருந்து இந்த வழியின் பயண நேரம் குறைந்த விதத்தைப் பார்த்தால், விமானத்தின் வேகம் கூடியதற்கு உள்ள பங்கைவிட இறங்குமிடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததற்கு உள்ள பங்கே பெரிது. எந்த ஊரில் இறங்குவது என்பதைத் தீர்மானித்ததும் எஞ்சின் மட்டுமல்ல. போர்களும் அரசுகளின் அனுமதிகளும் பல தடவை அதைத் தீர்மானித்திருக்கின்றன.

விமானத்துக்கு முன்னால் கப்பல். கைதிகளை ஏற்றிக்கொண்டு 11 கப்பல்கள் கொண்ட முதல் கப்பல் அணி 1787 மே 13ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பியது. டெனெரீஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் ஆகிய துறைகளில் நின்று தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு 1788 சனவரியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. சனவரி 26 அன்று சிட்னி கோவ் கரையில் குடியேற்றம் தொடங்கியது. எட்டு மாதத்துக்கும் மேலான பயணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளிப்பர் என்ற விரைவுப் பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே, மேற்குக் காற்று ஓயாமல் வீசும் அட்சரேகைகளைப் பிடித்து ஓடின. அவற்றுள் பேர்பெற்ற தெர்மாப்பிலே 1868–69ல் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு 60 நாள் அளவில் போய்ச் சேர்ந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் ஏடன், கொழும்பு வழியாக ஆறு வாரம் அல்லது அதற்கும் குறைந்த காலத்தில் ஓடத் தொடங்கின. நிலக்கரி ஏற்றுவதற்காகக் கப்பல்கள் நின்றதாலேயே கொழும்பு துறைமுகம் அந்நாளில் ஆசியாவின் பெரிய துறைகளில் ஒன்றாக வளர்ந்தது.

மனிதர் போவதற்கு முன் செய்தி போய்விட்டது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டு 1871 தொடக்கத்தில் திறந்தார்கள். அங்கிருந்து ஜாவா வழியாக டார்வினுக்கும், டார்வினிலிருந்து பாலைவனத்தின் குறுக்கே அடிலெய்டுக்கும் கம்பி நீண்டு, 1872ல் லண்டனும் ஆஸ்திரேலியாவும் தந்தியால் இணைந்தன. பின்னாளில் விமானங்கள் பிடித்த வழி ஏறக்குறைய இதே தந்தி வழிதான். தந்தி நிலையம் இருந்த ஊர்களில் செய்தி அனுப்பும் வசதி இருந்தது. விமானம் இறங்கவும் அந்த வசதி வேண்டியிருந்தது.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919ல் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் ஒரு பரிசை அறிவித்தார். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 720 மணி நேரத்துக்குள், அதாவது 30 நாளில், பறந்து வந்து சேரும் முதல் ஆஸ்திரேலியக் குழுவுக்கு 10,000 பவுண்டு. விமானம் பிரிட்டிஷ் பேரரசுக்குள் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்றைக்கு இந்த வழியில் பல இடங்களில் இறங்குதளம் என்று ஒன்றே இல்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் விமானம் இறங்கத்தக்க இடங்களைத் தேடிக் குறித்துவரும் வேலையை அரசு ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கின்னஸ் என்ற இரண்டு முன்னாள் படை வீரர்களிடம் கொடுத்தது. அவர்கள் ஃபோர்டு மாடல்-டி கார் ஒன்றில் லாங்ரீச்சிலிருந்து கேத்தரின்வரை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், சாலையே இல்லாத புதர்க்காட்டுக்குள் ஓட்டிப் போனார்கள். 51 நாள் ஆயிற்று. மணலில் புதைந்த காரைக் குதிரை கட்டி இழுத்தும், ஆற்றுப்படுகைகளைத் தாண்டியும் போன அந்தப் பயணத்தில்தான் இந்த நாட்டில் விமானம் எவ்வளவு தேவை என்பது அவர்களுக்குப் புரிந்தது. மறு ஆண்டு, 1920 நவம்பரில், இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனமே குவாண்டாஸ். உலகின் மிக நீண்ட வான்வழிகளில் ஒன்றை நடத்தும் நிறுவனம், விமானம் ஓட்டுவதற்கு முன் இறங்குமிடம் தேடும் வேலையில் பிறந்தது என்பது இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி.

பரிசுக்காக ஆறு குழுக்கள் கிளம்பின. ஒரு விமானம் லண்டனுக்குப் பக்கத்திலேயே விழுந்து இருவர் இறந்தார்கள். இன்னொன்று கிரேக்கத்தின் கோர்ஃபு தீவருகே கடலில் விழுந்து அதிலிருந்த இருவரும் மாண்டார்கள். சகோதரர்களான ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித், பொறியாளர்கள் ஜிம் பென்னட், வாலி ஷியர்ஸ் ஆகிய நால்வர் விக்கர்ஸ் விமி என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து கிளம்பினார்கள். இன்றைய ஹீத்ரோவுக்கு அருகில்தான் அந்தத் தளம் இருந்தது. விமானி அறைக்குக் கூரை கிடையாது. ஐரோப்பியக் குளிர்காலத்தின் பனி முகத்தில் நேரே அடித்தது. கெய்ரோ, பாஸ்ரா, கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று ஒவ்வோர் இடமாக இறங்கி ஏறிப் போனார்கள். குதிரைப் பந்தயத் திடல்களும் அவர்களுக்கு விமானத் தளமாயின.

சுராபாயாவில் நடந்ததைப் பார்த்தால் அன்றைய பயண நேரம் எங்கே போயிற்று என்பது விளங்கும். அங்கிருந்த தளம் கடலை மேடாக்கி எடுத்த நிலம். மேலே வெயிலில் காய்ந்த பொருக்கு, அடியில் சேறு. இறங்கிய விமானத்தின் சக்கரங்கள் பொருக்கை உடைத்துக்கொண்டு உள்ளே அமிழ்ந்தன. ஊர் மக்கள் தங்கள் குடிசைகளிலிருந்து மூங்கில் பாய்களை உருவிக் கொண்டுவந்து சேற்றின் மேல் வரிசையாக விரித்தார்கள். முதல் முயற்சியில் சுழலிகளின் காற்றில் பாய்கள் எழும்பிப் பறந்தன. மறுபடியும் அடுக்கி, நெருக்கி விரித்து, அந்தப் பாய்ப் பாதையில் ஓடித்தான் விமானம் மேலே ஏறியது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கியபோது கிளம்பி 27 நாள் 20 மணி நேரம் ஆகியிருந்தது. அதில் பறந்த நேரம் 136 மணிக்குச் சற்றுக் குறைவு. டார்வினில் அவர்களை எதிர்கொண்டு வரவேற்றவர்களில், தளத்தைத் தயார் செய்து வைத்திருந்த ஹட்சன் ஃபிஷும் ஒருவர். போட்டியில் கிளம்பியவர்களில் மேலும் ஒரே ஒரு விமானம்தான் வந்து சேர்ந்தது. ரே பாரரும் ஜான் மெக்கிண்டோஷும் 1920 சனவரியில் ஓர் ஒற்றை எஞ்சின் விமானத்தில் புறப்பட்டு, வழியெங்கும் உடைந்ததை ஒட்டுப்போட்டுக்கொண்டு ஆகஸ்டில் டார்வினைத் தொட்டார்கள்.

அதன்பின் பத்தாண்டு தனிமனித சாதனைகளின் காலம். 1928ல் பெர்ட் ஹிங்க்லர் சிறிய ஏவ்ரோ ஏவியன் விமானத்தில் தனியாளாய் 15 நாள் சொச்சத்தில் டார்வினை அடைந்தார். 1930 மே மாதம் ஏமி ஜான்சன் லண்டனுக்கு அருகேயுள்ள குராய்டனிலிருந்து 19 நாளில் வந்தார். இந்த வழியைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அவர். அதே ஆண்டு அக்டோபரில் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் பத்து நாளுக்குள் வந்து சேர்ந்தார். சிட்னி விமான நிலையம் இன்று தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான்.

1934 அக்டோபரில் மெல்போர்ன் நகரின் நூற்றாண்டையொட்டி இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு விமானப் பந்தயம் நடந்தது. பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் என ஐந்து இடங்களில் கட்டாயம் இறங்க வேண்டும். ஸ்காட், கேம்பெல் பிளாக் இருவரும் பந்தயத்துக்கென்றே கட்டிய டி ஹாவிலண்ட் காமெட் விமானத்தில் 71 மணி நேரத்தில் முதலாவதாக வந்தார்கள். ஆனால் விமானத் துறை கண்ணெடுக்காமல் பார்த்தது இரண்டாவதாக வந்ததை. அது டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் டிசி-2. ஊய்வர் என்று பெயர். பந்தய விமானமல்ல, பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிக்கொண்டு வந்த சாதாரண விமானம். கடைசிக் கட்டத்தில் அது இரவில் இடிமழையில் வழி தப்பி, ஆல்பரி என்ற சிற்றூரின் மேல் வட்டமடித்தது. ஊரின் மின்விளக்குகளை அணைத்தும் ஏற்றியும் மோர்ஸ் முறையில் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டினார்கள். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் குதிரைப் பந்தயத் திடலுக்கு வரும்படி உள்ளூர் வானொலி அழைத்தது. கார்கள் வரிசைகட்டி நின்று முன்விளக்குகளைப் போட, அந்த வெளிச்சத்தில் ஊய்வர் இறங்கியது. காலையில் சேற்றில் புதைந்திருந்த விமானத்தை ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்து மேட்டில் நிறுத்தினார்கள். பயணிகள் விமானம் பந்தய விமானத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வரமுடிந்தது, பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. அந்த ஊய்வர் இரண்டு மாதத்துக்குள் ஈராக் பாலைவனத்தில் ருத்பா அருகே விழுந்து, அதிலிருந்த அனைவரும் இறந்தார்கள்.

ஒழுங்கான சேவையை இதற்குள் பிரிட்டிஷ் நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸ் கட்டம் கட்டமாக நீட்டிக்கொண்டிருந்தது. 1929ல் கராச்சி, 1933ல் கல்கத்தா, அதே ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர். பாரசீக வளைகுடாவில் முதலில் ஈரானியக் கரையோரமாகப் பறந்தார்கள். ஈரான் அரசு அனுமதியை நீட்டிக்காததால் 1932ல் வழி எதிர்க்கரைக்கு மாறியது. பஹ்ரைன், ஷார்ஜா என்ற பெயர்கள் உலக வான்வழி வரைபடத்தில் ஏறியது அப்போதுதான். ஷார்ஜாவில் பயணிகள் இராத்தங்குவதற்காக மதில் சூழ்ந்த கோட்டை போன்ற விடுதியைக் கட்டினார்கள். வளைகுடா நாடுகள் இன்று உலக விமானப் போக்குவரத்தின் சந்தியாக இருப்பதற்கு எண்ணெய்ப் பணத்தைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பணம் வருவதற்கு முன்பே, மறுகரையில் கிடைக்காமற்போன ஓர் அனுமதி அவற்றுக்கு அந்த இடத்தைத் தந்துவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து பிரிஸ்பேன்வரையிலான மிச்ச வழியைக் குவாண்டாஸ் ஏற்றது. 1934 டிசம்பரில் அஞ்சலும் 1935 ஏப்ரலில் பயணிகளும் போகத் தொடங்கினார்கள். லண்டன்–பிரிஸ்பேன் பயணம் பன்னிரண்டரை நாள். ஒருவழிக் கட்டணம் 195 பவுண்டு. பயணம் முழுக்க வானிலும் இல்லை. பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசிவரை ரயிலில் போக வேண்டியிருந்தது.

1938ல் பெரிய நீர்விமானங்கள் வந்தன. ஷார்ட் எம்பயர் எனப்பட்ட இவை சவுத்தாம்ப்டன் துறையில் நீரிலிருந்து எழும்பி சிட்னியின் ரோஸ் பே விரிகுடாவில் நீரில் இறங்கின. ஓடுபாதை தேவையில்லை, அமைதியான நீர்ப்பரப்பு போதும். இந்தியாவின் குறுக்கே போகையில் கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரியிலும், குவாலியரிலும், அலகாபாத்தில் யமுனையிலும் இறங்கின. 15 பேர் அளவில் பயணிகள். நடந்து உலவ இடம் இருந்தது. நின்றபடி சன்னலில் வேடிக்கை பார்க்கத் தனித் தளமே இருந்தது. இரவில் பறப்பதில்லை. மாலையில் இறங்கி, நல்ல விடுதியில் தூங்கி, விடியலில் மறுபடி ஏறினார்கள். முப்பது இறங்குமிடங்கள் அளவில் தொட்டு ஒன்பது பத்து நாளில் சிட்னி. இன்று இந்த வழியில் போகிறவர் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்பதை இருக்கைத் திரையில் நகரும் புள்ளியாகத்தான் பார்க்கிறார். நீர்விமானப் பயணி அவற்றின் தண்ணீரில் இறங்கி, அவற்றின் கரையில் உணவு உண்டார். வசதியைப் பொறுத்தவரை இந்த வழியில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு பயணம் இருந்ததில்லை. ஆனால் செல்வர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே அது எட்டியது.

இந்த ஏற்பாடு இரண்டே ஆண்டு நீடித்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. நீர்விமானங்கள் சிட்னியிலிருந்து சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று வந்து ஆப்பிரிக்காவின் நெடுக்கே டர்பனுக்குத் திரும்பின. குதிரை லாட வடிவில் வளைந்த வழி அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனபோது லாடமும் நடுவில் முறிந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வான்வழி அறவே இல்லாமல் போயிற்று.

முறிந்த வழியை ஒட்டியது இலங்கை. காலிக்குச் சற்றுக் கிழக்கே, தென்கரையோரம் கொக்கல என்ற உப்பங்கழி இருக்கிறது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அதை நீர்விமானத் தளமாக்கியது. கரையில் இருந்த கிராமத்து மக்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிப் பிழைத்து இன்று அருங்காட்சியகத்தின் பகுதியாக நிற்கிறது. 1942 ஏப்ரல் 4 அன்று கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்த கேட்டலீனா நீர்விமானம் கிளம்பியதும் இந்தக் கழியிலிருந்துதான். அதை ஓட்டிய கனடிய விமானி லெனர்டு பிர்ச்சல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார்.

1943ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியான பெர்த்தில் ஸ்வான் ஆற்றிலிருந்து இந்தக் கொக்கல கழிக்குக் குவாண்டாஸ் கேட்டலீனாக்கள் பறக்கத் தொடங்கின. 5,600 கிலோமீட்டருக்கு மேல் இந்தியப் பெருங்கடல். நடுவே இறங்க ஓர் இடமும் கிடையாது. கேட்டலீனாவின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. காற்றைப் பொறுத்து 27 முதல் 32 மணி நேரம் வரை ஒரே மூச்சில் பறந்தார்கள். உள்ளே முடிந்த இடத்திலெல்லாம் எரிபொருள் தொட்டிகளை வைத்ததால் அனுமதிக்கப்பட்ட எடையைவிட மிக அதிக எடையோடு விமானம் தண்ணீரிலிருந்து எழும்பியது. எஞ்சின் ஒன்று முதல் சில மணி நேரத்தில் நின்றுபோயிருந்தால் விமானம் கடலில் இறங்குவதைத் தவிர வழியில்லை. இத்தனைக்கும் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும். ஜப்பானிய விமானங்களின் எல்லைக்குள் புகும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். வானொலி பேசினால் எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்பதால் வழிநெடுக மௌனம். திசை காட்ட நட்சத்திரங்களே துணை. ஐந்து கேட்டலீனாக்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரஸ், ஸ்பைக்கா.

முதல் நாள் சூரியோதயத்தையும் மறுநாள் சூரியோதயத்தையும் ஒரே பறப்பில் பார்த்துவிடுவதால் இதற்கு இரட்டைச் சூரியோதயச் சேவை என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் காற்றில் இருந்ததற்கான சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலைவரை 271 தடவை கடலைக் கடந்தன இந்த விமானங்கள். ஒன்றுகூட விழவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. இந்த வழியின் நூறாண்டு வரலாற்றில் மனித உழைப்பும் நிதானமும் இவ்வளவு உச்சத்தைத் தொட்ட கட்டம் வேறில்லை. போர் முடிந்ததும், அமெரிக்கா போர்க்கால உதவியாகத் தந்த விமானங்கள் என்பதால் அவற்றைத் திருப்பித் தரவோ விலைகொடுத்து வாங்கவோ வேண்டியிருந்தது. இரண்டும் நடக்கவில்லை. நான்கைப் பெர்த்துக்கு வெளியே ராட்நெஸ்ட் தீவருகே கடலில் மூழ்கடித்தார்கள்; ஐந்தாவதை சிட்னிக்கு வெளியே. காட்சிக்கு வைக்கக்கூட ஒன்று மிஞ்சவில்லை.

1944ல் கேட்டலீனாவுக்குத் துணையாக லிபரேட்டர் விமானங்கள் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து இலங்கைக்குப் பறந்தன. இவை 17 மணி நேரம் அளவில் கடலைத் தாண்டின. ஒரே தாவலில் இவ்வளவு தூரம் என்பதைக் குறிக்க விமானத்தின் மேல் கங்காரு உருவம் வரைந்தார்கள். குவாண்டாஸின் கங்காருச் சின்னம் அங்கே பிறந்தது. 1945 மே மாத இறுதியில் லங்காஸ்ட்ரியன் விமானங்கள் இலங்கையின் ரத்மலானை, கராச்சி, பாலஸ்தீனத்தின் லித்தா வழியாகச் சிட்னியையும் இங்கிலாந்தையும் மூன்று நாளுக்குள் இணைத்தன. குண்டுவீச்சு விமானத்தை மாற்றியமைத்த அதில் இருக்கை ஒன்பதுதான்.

1947 டிசம்பர் 1 அன்று லாக்ஹீடு கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடும் 11 பணியாளர்களோடும் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. கங்காரு வழி என்று இன்றும் வழங்கும் முழுச் சேவை அன்று தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என ஆறு இறங்குமிடங்கள். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். மொத்தம் நான்கு நாள். அதில் பறந்தது 55 மணி நேரம். போகவரக் கட்டணம் 585 பவுண்டு. சாதாரண ஆஸ்திரேலியத் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. போருக்குப்பின் பத்து பவுண்டு கட்டணச் சலுகையில் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் கப்பலிலேயே வந்தார்கள்.

1959ல் குவாண்டாஸ் போயிங் 707 ஜெட் விமானங்களை இந்த வழியில் இறக்கியது. அதற்கு முன் பறந்த சுழலி விமானங்களைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிக வேகம்; பயணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியது. இந்த வரலாற்றில் வேகத்தின் பங்கு அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 707 உயரத்தில் பறந்த வேகத்துக்கும் இன்றைய புத்தம்புது விமானத்தின் வேகத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. தாண்டிக் காட்டியது கான்கார்டு. 1985 பிப்ரவரியில் அது லண்டனிலிருந்து சிட்னிக்கு 17 மணி நேரம் சொச்சத்தில் வந்தது. ஒலியின் இருமடங்கு வேகத்தில் பறக்கும் விமானம் நேரத்தைப் பாதியாக்கியிருக்க வேண்டும். ஆனால் அதன் தொட்டிக் கொள்ளளவு குறைவு. எரிபொருளுக்காக வழியில் மீண்டும் மீண்டும் இறங்கினால் மிச்சமான நேரமெல்லாம் தரையில் கரைந்துவிடும்.

1971ல் போயிங் 747 வந்தது. கூட்டம் கூட்டமாக ஏற்றிக்கொள்ளும் அந்த விமானம் கட்டணத்தைக் கீழே கொண்டுவந்தது. அதே காலத்தில் சூயஸ் கால்வாய் 1967 முதல் 1975 வரை மூடிக்கிடந்ததால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஓட வேண்டியிருந்தது. பயணிகள் கப்பல் அந்த அடியிலிருந்து எழவில்லை. கல்கத்தாவும் கராச்சியும் கெய்ரோவும் ஒவ்வொன்றாக இந்த வழியின் கால அட்டவணையிலிருந்து மறைந்தன. நீண்டதூர 747-400 வந்தபின் ஒரே ஒரு நிறுத்தம் போதும் என்ற நிலை ஏற்பட்டது. பெரும்பாலும் அது சிங்கப்பூர் அல்லது பாங்காக். சிங்கப்பூர் நிலைத்ததற்குப் புவியியல் காரணம் ஒன்று உண்டு. லண்டன்–சிங்கப்பூர் 10,880 கிலோமீட்டர், சிங்கப்பூர்–சிட்னி 6,300 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்கூட அதிகமில்லை. துபாய் வழியாகப் போனால் 500 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. குவாண்டாஸ் 2013ல் சிங்கப்பூரை விட்டுத் துபாய்க்கு மாறியதும், 2018ல் மறுபடி சிங்கப்பூருக்கே திரும்பியதும் வணிகக் கூட்டணிக் கணக்கால். தூரக் கணக்கு எப்போதும் சிங்கப்பூர் பக்கமே இருந்தது.

இறங்காமலே போக முடியுமா என்ற கேள்விக்கு 1989 ஆகஸ்டில் விடை கிடைத்தது. குவாண்டாஸ் தன் முதல் 747-400 விமானத்தை லண்டனிலிருந்து சிட்னிக்கு நேரே ஓட்டிவந்தது. கட்டணப் பயணிகள் இல்லை; சரக்கு இல்லை. ஒரே கொள்ளளவில் அதிக ஆற்றல் தரும்படி அடர்த்தி கூடிய எரிபொருளைத் தனியாகத் தயாரித்து நிரப்பினார்கள். ஓடுபாதைவரை விமானத்தின் எஞ்சினைப் பயன்படுத்தாமல் இழுவை வண்டி கட்டி இழுத்துப்போய், அங்கே வைத்து முடுக்கினார்கள். 20 மணி 9 நிமிடத்தில் சிட்னி வந்தது. சிட்டி ஆஃப் கான்பெரா என்ற அந்த விமானம் 2015ல் ஓய்வு பெற்று, சிட்னிக்குத் தெற்கே ஷெல்ஹார்பர் விமான நிலையத்தில் பார்வைக்கு நிற்கிறது.

காலி விமானத்தால் முடிந்தது நிறைந்த விமானத்தால் ஏன் முடியவில்லை? நீண்ட பயணத்தில் எரிபொருளின் எடையைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். பயணத்தின் பிற்பாதியில் எரிக்கப்போகும் எரிபொருளை முற்பாதி முழுக்கச் சுமந்துகொண்டு பறக்க வேண்டும். தூரம் கூடக் கூட அந்தச் சுமையின் செலவும் கூடுகிறது. நடுவில் இறங்கி நிரப்பிக்கொள்ளும் விமானத்துக்கு இந்தப் பளு இல்லை. எடை குறைந்த உடலும் சிக்கனமான எஞ்சினும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்பன் நார்க் கலவையால் உடல் கட்டிய போயிங் 787-9 அந்த நிலைமையைக் கொண்டுவந்தது. 2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் விமானம் 14,500 கிலோமீட்டரை 17 மணி நேரம் சொச்சத்தில் கடந்து லண்டனில் இறங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இறங்காமல் இணைத்த முதல் ஒழுங்கான பயணிகள் சேவை அது.

இதே தூரத்தைத் திரும்பி வர நேரம் கொஞ்சம் குறையும். நடு அட்சரேகைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே போவதை மறிக்கும். கடிகாரம் வேறு கணக்குக் காட்டும். பருவத்தைப் பொறுத்துச் சிட்னி நேரம் லண்டனைவிட 9 முதல் 11 மணி நேரம் முந்தியது. லண்டனில் இரவு ஏறியவர் சிட்னியில் இறங்கும்போது நாட்காட்டியில் இரண்டு நாள் நகர்ந்திருக்கும். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணிமுதல் காலை 6 மணிவரை விமானங்களுக்குத் தடை இருப்பதால், சீக்கிரம் வந்துவிட்டாலும் பயனில்லாத வேளைகள் உண்டு.

2019 நவம்பரில் குவாண்டாஸ் ஐம்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு லண்டன்–சிட்னி சோதனைப் பறப்பொன்றை 787-9 விமானத்தில் நடத்தியது. 19 மணி 19 நிமிடம். விமானிகளின் விழிப்பையும் பயணிகளின் தூக்கத்தையும் மருத்துவ ஆய்வாளர்கள் அளந்தார்கள். இத்திட்டத்துக்குச் சூரியோதயம் என்று பெயர் வைத்தது கொக்கல கேட்டலீனாக்களின் நினைவாக. 2022 மே மாதம் இதற்காக 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். வழக்கமான ஏ350-1000ல் முந்நூறுக்கும் மேல் இருக்கை வைப்பார்கள். இதில் 238 மட்டும். கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டி, பயணிகள் எழுந்து நின்று கைகால் நீட்ட ஓர் இடம். 22 மணி நேரம்வரை இறங்காமல் பறக்கும் திறன். விமானங்கள் கைக்கு வருவது பலமுறை தள்ளிப்போய், வணிகச் சேவைக்கு 2027ஐக் குறித்திருக்கிறார்கள். ஒரு நிறுத்தப் பயணத்தோடு ஒப்பிட்டால் நான்கு மணி நேரம்வரை மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு.

வானமும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி பெரும்பாலான மேற்கத்திய விமானங்களுக்கு மூடப்பட்டதால், மாஸ்கோவை ஒட்டிப் போகும் பெருவட்டக் கோட்டை அப்படியே பிடித்துப் பறக்க முடியாது. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்டபோது பெர்த்–லண்டன் விமானம் ஈரானைத் தவிர்த்துச் சுற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுக்கு எரிபொருள் போதாததால், இறங்காமல் போவதற்கென்றே தொடங்கிய சேவை சில நாட்கள் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிற்று.